மிஷன் வீட்டிலிருந்து கொழும்புக்கு: ஊழியக்காரர் பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டி

வேலைக்கோ படிப்புக்கோ கொழும்புக்கு வரும் ஊழியக்காரர் பிள்ளை, அதாவது போதகர் வீட்டுப் பிள்ளை, முதலில் முட்டிக்கொள்வது ஜீ.எஸ்ஸின் (கிராம சேவகரின்) மேசையில்தான். "நிரந்தர முகவரி?" என்று கேட்பார். பிறந்தது மன்னார், முதலாம் வகுப்பு ஹட்டன், ஓ.எல். எடுத்தது மட்டக்களப்பு, அப்பா இப்போது இருப்பது வவுனியா மிஷன் வீடு. அந்த வீடும் சபையின் பெயரில், கரன்ட் பில்லும் சபையின் பெயரில். மற்றவர்கள் ஒரே நாளில் முடிக்கும் வேலைக்கு உங்களுக்கு மூன்று நடை.

மிஷன் வீட்டில் இருக்கும்வரை வீடு, உடுப்பு, பாடசாலை, சிநேகிதர், ஊரில் கிடைக்கும் மரியாதை எல்லாம் அப்பா அம்மாவின் ஊழியத்தோடு சேர்ந்தே வந்துவிடும். கொழும்பில் ஒவ்வொன்றையும் உங்கள் சொந்தப் பெயரில் எடுக்க வேண்டும். அதற்கு ஒரு ஒழுங்கு உண்டு: முதலில் கடதாசி, அடுத்து அறை, அடுத்து காசு. ஆட்களோடு பழகும் விஷயத்தைக் கீழே தள்ளி வைத்திருந்தாலும், காலம் கூடப் பிடிப்பது அதற்குத்தான்.

கடதாசி

வீட்டை விட்டு வெளிக்கிட முன்னமே ஒரு கோப்பு தயாராக இருக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழின் அத்தாட்சிப்படுத்திய பிரதி குறைந்தது மூன்று, அடையாள அட்டை, கடைசிப் பாடசாலையின் விடுகைப் பத்திரம், ஓ.எல்., ஏ.எல். பெறுபேற்றுச் சான்றிதழ்கள், பெற்றோரின் விவாகச் சான்றிதழ்ப் பிரதி, தடுப்பூசி அட்டை. ஞானஸ்நான அட்டையையும் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அது பிறப்புச் சான்றிதழுக்குப் பதிலாகாது. எந்தக் கவுண்டரிலும் அதைத் துணைக் கடதாசியாகத்தான் பார்ப்பார்கள்.

பிறகு எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். ஊழியக் குடும்பங்களில் மிகக் கூடுதலாகப் பிழைக்கும் இடம் இதுதான். பிறப்புப் பதிவில் ஒரு பெயர், ஞானஸ்நானத்தில் வேதாகமப் பெயர், பாடசாலை இடாப்பில் இரண்டும் கலந்த இன்னொன்று. இந்தியாவில் படித்திருந்தால் அப்பாவின் பெயர் முன்னெழுத்தாகச் சுருங்கியிருக்கும். ஆங்கில எழுத்துகளில் ஒன்று கூடிக் குறைந்தாலே வங்கியில் விண்ணப்பம் திரும்பி வரும். பிறப்புச் சான்றிதழில் உள்ளதே மூலம். மற்றவற்றை அதற்கு ஏற்றபடி திருத்துங்கள். திருத்த முடியாத பழைய சான்றிதழ் என்றால், இரு பெயரும் ஒரே ஆளையே குறிக்கின்றன என்று சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக் கடதாசி முடித்து வையுங்கள்.

அடையாள அட்டையைப் பலர் பாடசாலை அதிபர் மூலமே எடுத்துவிடுவார்கள். வீட்டிலிருந்து படித்தவர்களும் வெளிநாட்டில் விடுதியில் இருந்தவர்களும் அந்த வாய்ப்பைத் தவறவிட்டிருப்பார்கள். அப்படியானால் வழி இது: வசிக்கும் பிரிவின் ஜீ.எஸ்., அவரிடமிருந்து பிரதேச செயலகம், அங்கிருந்து பத்தரமுல்லையிலுள்ள ஆட்பதிவுத் திணைக்களம். படத்தை விரும்பிய இடத்தில் எடுக்க முடியாது, திணைக்களத்தில் பதிந்த ஸ்டூடியோவில்தான் எடுக்க வேண்டும். அவர்களே படத்தைக் கணினி வழியாக அனுப்பிவிட்டு ஒரு ரசீது தருவார்கள். அதைத் தொலைத்துவிடாதீர்கள், விண்ணப்பத்தோடு கேட்பார்கள்.

அட்டை கைக்கு வந்ததும் இலக்கத்தைப் பாருங்கள். 12 இலக்கங்களில் முதல் நான்கு பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அந்த மூன்றோடு 500 கூட்டுவார்கள். பெப்ரவரியை எந்த ஆண்டிலும் 29 நாளாகவே எண்ணுவார்கள். ஆக 2001 மார்ச் 1 இல் பிறந்த பெண்ணின் இலக்கம் 2001561 என்று தொடங்க வேண்டும். தொடக்கம் பொருந்தாவிட்டால் உங்கள் பிறந்த தேதி எங்கேயோ பிழையாகப் பதிந்திருக்கிறது. வங்கி, வேலை என்று எல்லா இடத்திலும் அந்தப் பிழை பரவ முன் திருத்துங்கள்.

பெற்றோர் வெளிநாட்டில் ஊழியம் செய்த காலத்தில் பிறந்தவர்களுக்கு இதற்கும் முந்திய ஒரு படி இருக்கிறது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டப்படி, இலங்கையருக்கு வெளிநாட்டில் பிறந்த பிள்ளையின் பிறப்பை ஒரு வருடத்துக்குள் அங்குள்ள இலங்கைத் தூதரகத்திலோ இங்குள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்திலோ பதிந்திருக்க வேண்டும். மிஷன் குடும்பங்களில் இது அடிக்கடி விடுபட்டுப் போகிறது. அந்நாட்டுப் பிறப்புச் சான்றிதழ் இருந்தால் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். பிந்தினாலும் காரணம் காட்டித் தண்டப்பணத்தோடு விண்ணப்பிக்கலாம், ஆனால் வயது ஏற ஏறக் கேள்விகள் கூடும். 2003 ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு தாய் வழியாகவும் உரிமை உண்டு. பிரஜாவுரிமைச் சான்றிதழ் இல்லாமல் ஐ.சி. (அடையாள அட்டை) கிடைக்காது, ஐ.சி. இல்லாமல் மற்ற எதுவும் நகராது. ஆகவே பத்தரமுல்லையிலுள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்குப் போவதுதான் உங்களுடைய முதல் வேலை.

கொழும்பு மாநகரத்துக்குள் இரண்டு பிரதேச செயலகங்கள் உண்டு: கொழும்பு, திம்பிரிகஸ்யாய. கொட்டாஞ்சேனை, முகத்துவாரம் பக்கம் என்றால் முதலாவது. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி என்றால் இரண்டாவது. ஜீ.எஸ். ஒவ்வொரு நாளும் அலுவலகத்தில் இருக்கமாட்டார். கதவில் ஒட்டியிருக்கும் நாட்களைப் பார்த்துக்கொண்டு போங்கள். அவர் வாக்காளர் இடாப்பில் உங்கள் பெயரைத் தேடுவார். இடாப்பு ஆண்டுதோறும் திருத்தப்படுகிறது. அடிக்கடி இடம் மாறிய குடும்பமென்றால் பழைய ஊரிலும் பெயர் வெட்டுப்பட்டு, புதிய ஊரிலும் சேராமல் இருக்கக்கூடும். அப்பாவிடம் கேட்டு, கடைசியாகப் பதிந்த இடம் எது என்று முதலே தெரிந்துகொள்ளுங்கள்.

அறை

கொழும்புக்குப் பிள்ளை வருகிறது என்று தெரிந்ததும் அப்பாவின் பழைய சபையார் ஒருவர் கட்டாயம் சொல்வார்: "பாஸ்டர், பிள்ளை எங்கட வீட்டில சும்மா நிக்கட்டும்." நல்ல மனதோடுதான் சொல்வார். ஆனாலும் இரண்டு வாரத்துக்கு மேல் சும்மா நிற்காதீர்கள். வாடகை கொடுக்காத அறையில் நீங்கள் எத்தனை மணிக்கு வருகிறீர்கள், யாரோடு கதைக்கிறீர்கள், ஞாயிற்றுக்கிழமை எந்தச் சபைக்குப் போகிறீர்கள் என்பதெல்லாம் வவுனியாவுக்குப் போய்க்கொண்டே இருக்கும். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதும், வீட்டு ஜெபக்கூட்டத்தில் கீபோர்ட் வாசிப்பதும் நாளடைவில் உங்கள் கடமையாகிவிடும். அங்கேயே தங்குவதென்றால் ஒரு தொகை பேசி மாதா மாதம் கொடுங்கள். குறைந்த தொகையென்றாலும் பரவாயில்லை.

போர்டிங் தேடுபவர்கள் வெள்ளவத்தை, தெஹிவளை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை ஆகிய இடங்களில் தமிழ் வீட்டுக்காரர்களைக் கண்டுபிடிக்கலாம். கடற்கரைப் பக்கம் வாடகை கூட, கொட்டாஞ்சேனைப் பக்கம் கொஞ்சம் கைக்கு அடக்கம். அறையைப் பார்க்கப் போகும்போது கேட்க வேண்டியவை:

முற்பணம் எத்தனை மாதத்துக்கு, அது வாடகையில் கழிபடுமா, போகும்போது திரும்பத் தரப்படுமா. கரன்டுக்குத் தனி மீட்டரா, ஆளுக்கு இவ்வளவு என்று பிரிப்பதா. தண்ணீர் மோட்டர் எப்போது போடுவார்கள். சமைக்கலாமா, ஹொட் பிளேட் மட்டுமா, காஸ் வைக்கலாமா. கேட் எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள். இவற்றோடு, எல்லோரும் கேட்க மறக்கும் ஒன்று: ஜீ.எஸ்ஸுக்குக் காட்ட, நீங்கள் இங்கே வசிப்பதாக ஒரு கடிதமும் கரன்ட் பில் பிரதியும் தருவார்களா? சில வீட்டுக்காரர் வரிக்குப் பயந்து மறுப்பார்கள். அப்படியான இடத்தில் எவ்வளவு மலிவென்றாலும் இருக்காதீர்கள், வங்கிக் கணக்கிலிருந்து எல்லாம் அந்தக் கடிதத்தில்தான் தொங்கும்.

முற்பணத்தைக் கையில் கொடுத்தால் அன்றைக்கே கையெழுத்தோடு ரசீது வாங்குங்கள். மிஷன் வீட்டில் வாய்ச்சொல்லே போதும் என்று வளர்ந்தவர்களுக்கு ரசீது கேட்பது ஆளை நம்பாதது போலக் கூச்சமாக இருக்கும். கேட்பது இங்கே வழமை, யாரும் கோபிக்கமாட்டார்கள்.

காசு

விசுவாச ஊழியத்தில் மாதச் சம்பளம் கிடையாது. காணிக்கை வரும், சில மாதம் வராது. திடீரென்று யாரோ ஒரு மூட்டை அரிசி கொண்டுவந்து இறக்குவார்கள். அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இரண்டு பழக்கங்கள் ஒட்டியிருக்கும். கையில் இருந்தால் கேட்பவருக்குக் கொடுத்துவிடுவது ஒன்று. தனக்கென்று புதிதாக எதையும் வாங்கினால் குற்ற உணர்ச்சி வருவது மற்றது. கொழும்பில் இரண்டும் சேர்ந்து, மாதம் 20 ஆம் தேதியளவில் பஸ்ஸுக்குக் காசில்லாமல் உங்களை நிறுத்தும்.

வேலை கிடைத்ததும் சம்பளச் சிட்டையை வாசிக்கப் பழகுங்கள். உதாரணமாக ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) கணக்கிடும் சம்பளம் 80,000 ரூபாய் என்று வையுங்கள். உங்களிடமிருந்து 8 வீதம், அதாவது 6,400 ரூபாய் வெட்டி, கையில் 73,600 தருவார்கள். நிறுவனம் தன் பக்கத்திலிருந்து 12 வீதம், 9,600 ரூபாய் சேர்க்க வேண்டும். ஈ.டி.எஃப்புக்கு (ஊழியர் நம்பிக்கை நிதிக்கு) 3 வீதம், 2,400 ரூபாய். அதுவும் நிறுவனத்தின் காசு, உங்களிடமிருந்து வெட்டக்கூடாது. "ஆறு மாதம் பயிற்சி, பிறகுதான் ஈ.பி.எஃப்." என்று சொன்னால் அது சரியில்லை. வேலை தொடங்கிய நாளிலிருந்தே கட்ட வேண்டும். கிறிஸ்தவ நிறுவனம் என்பதற்காக இதைக் கேட்காமல் விடாதீர்கள். "இதை ஊழியமாக நினையுங்கள்" என்று சொல்லிச் சம்பளத்தைக் குறைப்பதற்கு ஊழியக்காரர் பிள்ளைகள்தான் சுலபமாகத் தலையாட்டுவார்கள்.

18 வயது கடந்தவர்கள் இறைவரித் திணைக்களத்தில் வரி இலக்கம் எடுக்க வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. இலக்கம் எடுத்துவிட்டால் உடனே வரி கட்டவேண்டும் என்றும் இல்லை: 2025 ஏப்ரலிலிருந்து ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாய் வரையான வருமானத்துக்கு வரி விலக்கு, அதாவது மாதம் 150,000.

வங்கியில் இரண்டு கணக்கு திறவுங்கள். சம்பளம் ஒன்றுக்கு வரட்டும். சம்பளம் விழுந்த மறுநாளே வாடகை, சேமிப்பு, வீட்டுக்கு அனுப்புவது, காணிக்கை ஆகியவற்றை மற்றதற்கு மாற்றும்படி வங்கியில் நிலையான கட்டளை கொடுங்கள். வீட்டுக்கு அனுப்பும் தொகை சிறியதானாலும் மாறாமல் இருப்பது நல்லது. இல்லாவிட்டால் கூரை ஒழுகுவதிலிருந்து சபை வானின் டயர் வரை ஒவ்வொரு தேவையும் உங்கள் தொலைபேசிக்கு வரும். சபையார் கடன் கேட்டால் ஒரே பதில்: "அப்பாட்ட கேட்டுத்தான் தரலாம்." கேட்டவர் அப்பாவிடம் போகவே மாட்டார். சீட்டு பிடிப்பவர் விசுவாசி என்பது மட்டும் சீட்டில் சேர்வதற்குக் காரணமாகாது.

படிப்பு, சிவி

இந்தியப் பாடத்திட்டத்திலோ வீட்டுக் கல்வியிலோ படித்து ஓ.எல். இல்லாமல் வருபவர்கள் மனம் தளர வேண்டாம். தனியார் பரீட்சார்த்தியாக ஓ.எல். எடுக்கலாம். நாவலையிலுள்ள திறந்த பல்கலைக்கழகத்தில் முறையான தகுதி கேட்காத அடித்தளப் பாடநெறிகள் இருக்கின்றன. கைத்தொழில் தெரிந்தவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. சபையில் வயரிங் செய்தும் ஒலிபெருக்கி பூட்டியும் மரவேலை செய்தும் பழகிய கையை, முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில் பரீட்சித்து என்.வி.கியூ. (தேசிய தொழிற்தகைமை) சான்றிதழ் தருகிறார்கள். கைத்தொழில் பயிற்சி தரும் அரச நிறுவனமான நைட்டாவில் விசாரியுங்கள்.

சிவியில் "பாஸ்டருக்கு உதவி" என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. செய்த வேலையை எண்ணோடு எழுதுங்கள்: "60 பிள்ளைகளுக்கு ஐந்து நாள் விடுமுறை வகுப்பு, எட்டுத் தொண்டர்கள், உணவு, போக்குவரத்து, செலவுக் கணக்கு." பிரசங்கத்தைத் தமிழிலிருந்து சிங்களத்துக்கு உடனுக்குடன் மொழிபெயர்த்திருந்தால் கட்டாயம் போடுங்கள். கொழும்பில் அதற்கு விலை இருக்கிறது. சிபாரிசு செய்பவர்கள் இருவரில் ஒருவராவது சபைக்கு வெளியே இருக்கட்டும், ஒரு ஆசிரியர் போதும்.

பஸ், சிங்களம்

காலி வீதியில் 100 உம் 101 உம் கோட்டை, புறக்கோட்டைப் பக்கம் போகும். ஹைலெவல் வீதிக்கு 138. வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குக் காலையில் ரயில்தான் கெதி, சீசன் எடுத்தால் மலிவு. பஸ்ஸில் சில்லறை வைத்திருங்கள். இறங்கும் இடத்துக்கு ஒரு ஹோல்ட் முன்னமே "பஹினவா" (இறங்குகிறேன்) என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டு கதவுப் பக்கம் நகருங்கள். சிங்களம் தெரியாவிட்டால் "மட்ட சிங்ஹல டிக்கக் விதரய்" (எனக்குச் சிங்களம் கொஞ்சம்தான்) என்று சிரித்துக்கொண்டு சொன்னால் கொண்டக்டர் பாதித் தமிழில் கதைப்பார். அலுவலகங்களில் தமிழ் விண்ணப்பம் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. 1987 இலிருந்து தமிழும் அரசகரும மொழி.

"சொந்த ஊர் எது?"

கொழும்புத் தமிழருக்கிடையில் முதல் ஐந்து நிமிடத்துக்குள் வரும் கேள்வி. ஊழியக்காரர் பிள்ளைக்கு இதைவிடச் சங்கடமான கேள்வி இல்லை. வளர்ந்த எல்லா ஊரையும் வரிசையாகச் சொன்னால் கேட்பவர் குழம்பிவிடுவார். "ஊரென்று ஒன்றில்லை" என்றால் எதையோ மறைக்கிறீர்கள் என்று எடுப்பார். அம்மாவின் ஊரையோ அப்பாவின் ஊரையோ ஒன்றைத் தெரிந்தெடுத்து, அதோடு ஒரு வரி: "அப்பாட ஊர் பண்டத்தரிப்பு. ஆனா நாங்க வளர்ந்தது எல்லா இடமும், அப்பா போதகர்." இதற்கு மேல் தேவையில்லை.

சிலர் அதற்குப் பிறகும் "பண்டத்தரிப்பில எந்தப் பக்கம், யாற்ற ஆக்கள்?" என்று தோண்டுவார்கள். அது உறவு தேடும் கேள்வியாகவும் இருக்கலாம், சாதி தேடும் கேள்வியாகவும் இருக்கலாம். மிஷன் வளவுக்குள் வளர்ந்தவர்களுக்கு இரண்டாவது பெரும்பாலும் பிடிபடாது, வெள்ளந்தியாக முழு வரலாற்றையும் ஒப்புவிப்பார்கள். "எனக்கு அவ்வளவு தெரியாது, அங்க நாங்க இருக்கேல்ல" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுங்கள்.

பேச்சு வழக்கும் காட்டிக்கொடுக்கும். மட்டக்களப்பில் பாதி, சென்னையில் பாதி வளர்ந்தவரின் தமிழைக் கேட்டு ஒருவர் சிரித்தால் அதைத் திருத்தப் போகாதீர்கள். கொழும்பில் எல்லாத் தமிழும் கலந்துதான் ஓடுகிறது. பிரசங்கத் தமிழை மட்டும் வேலையிடத்தில் குறையுங்கள்.

வேலையிடம்

மதியச் சாப்பாட்டுப் பார்சலுக்கு முன் ஜெபிக்க விரும்பினால் மூன்று விநாடி கண்ணை மூடுங்கள், அவ்வளவுதான். யாரும் விளக்கம் கேட்கவில்லை, நீங்களும் சொல்ல வேண்டாம்.

நவராத்திரியில் தமிழர் நடத்தும் அலுவலகங்களில் வாணி விழா இருக்கும், வெசாக்கில் தன்சல் (இலவச உணவுப் பந்தல்) இருக்கும், ஆண்டு முடிவில் குடிவகையோடு விருந்து இருக்கும். எதில் நிற்பது, எதைச் சாப்பிடுவது என்பதை முதல் நாளே தீர்மானித்துக்கொண்டு போங்கள். அந்த இடத்தில் யோசிக்கத் தொடங்கினால் முகத்தில் தெரியும், மற்றவர்கள் அதை வெறுப்பு என்று எடுத்துக்கொள்வார்கள். ஒரு பழக்கம் எல்லோருக்கும் ஒத்துவரும்: வேலையில் பங்கெடுங்கள். கதிரை அடுக்குவது, தோரணம் கட்டுவது, கடலை பரிமாறுவது. பூசைக்கு நிற்காவிட்டாலும் அப்போது யாரும் குறை பிடிக்கமாட்டார்கள். விருந்தில் கையில் ஒரு ஜின்ஜர் பியர் கிளாஸ் இருந்தால், குடிக்கச் சொல்லி வற்புறுத்துபவர் பாதியாகக் குறைவார்.

போதகர் பிள்ளை என்று தெரிந்ததும் சிலர் உங்கள் முன்னால் கெட்ட வார்த்தை பேசுவதை நிறுத்துவார்கள், சிலர் வேண்டுமென்றே பேசுவார்கள். இன்னும் சிலர் தங்கள் குடும்பப் பிரச்சினையை இறக்கி வைப்பார்கள். கேளுங்கள். ஆனால் ஆலோசகர் வேலையை ஏற்காதீர்கள்.

சபை

சபைக்குப் போக விரும்புபவர்கள் முதல் மூன்று மாதம் பின் வாங்கில் இருங்கள். அப்பாவின் பெயரைச் சொல்ல வேண்டாம். தெரிந்துவிட்டால் அடுத்த கிழமையே வந்து கேட்பார்கள்: "பாஸ்டர்ட மகள்தானே, சண்டே ஸ்கூல் எடுக்கலாமே?" பதிலைத் தயாராக வைத்திருங்கள்: "இந்த வருஷம் ஆராதனைக்கு மட்டும்தான் வாறன் அங்கிள். அடுத்த வருஷம் பாப்பம்." காரணம் சொல்லத் தொடங்கினால் அந்தக் காரணத்துக்கும் ஒரு தீர்வு கொண்டுவருவார்கள்.

பண்டத்தரிப்பில் 1820 இலிருந்து வைத்தியம் பார்த்த மிஷனரி ஜோன் ஸ்கடரின் மகன்மாரும் மிஷனரிகளானார்கள். பேத்தி ஐடா ஸ்கடர், ஊழியமே வேண்டாம் என்றிருந்தவர், பிறகு வேலூர் வைத்தியசாலையைத் தொடங்கினார். மேடைகளில் இந்தக் கதை ஊழியக்காரர் பிள்ளைகளை நோக்கியே சொல்லப்படும். வேறு வேலைக்குப் போன போதகர் பிள்ளைகள்தான் எண்ணிக்கையில் கூட. அவர்களைப் பற்றி மேடையில் யாரும் பேசுவதில்லை, அவ்வளவுதான்.

விசுவாசமே குறைந்து போனவர்களும் உண்டு. அதைப் பெற்றோருக்கு எப்போது சொல்வது என்பது உங்கள் தீர்மானம், ஆனால் ஒழுங்கு முக்கியம்: முதலில் நேரில் பெற்றோருக்கு, பிறகு மற்றவர்களுக்கு. ஃபேஸ்புக்கில் ஒரு படமோ ஒரு வரியோ போட்டால் அன்றிரவே ஒரு சபையார் அப்பாவுக்கு அனுப்புவார். அப்பாவின் வேலையே அதில் ஆட்டம் காணும் சபைகள் இருக்கின்றன.

மனம் பிடிபடாதபோது

இடம் மாறி இடம் மாறி வளர்ந்தவர்கள் சிநேகிதரை விட்டுப் பிரிய நன்றாகப் பழகியவர்கள், ஒரே ஆளோடு நெடுநாள் இருக்கப் பழகாதவர்கள். இரண்டு வருடம் ஆனதும் காரணமில்லாமல் வேலையையோ அறையையோ மாற்றத் தோன்றும். அந்த நேரத்தில் விலகல் கடிதம் எழுதி வைத்து ஒரு மாதம் பொறுங்கள். அதற்குப் பிறகும் வேண்டுமென்றால் கொடுங்கள்.

நித்திரை வராமல், சாப்பாடு இறங்காமல் இரண்டு கிழமைக்கு மேல் போனால் ஜெபத்தோடு வைத்தியரையும் பாருங்கள். 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் தேசிய மனநல நிறுவனத்தில் கதைக்கலாம். சுமித்ரயோ என்ற தொண்டு அமைப்பில் பெயர் சொல்லாமலும் மனம் விட்டுப் பேசலாம். மிஷன் விடுதியிலோ சபையிலோ சிறு வயதில் யாராவது உங்களைத் துன்புறுத்தியிருந்தால், அதைச் சொல்வது ஊழியத்துக்கு விரோதமான காரியமல்ல. அதே ஆளிடம் இன்றைக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றால் சிறுவர் பாதுகாப்பு அழைப்பு இலக்கமான 1929 இற்கு அழையுங்கள்.

பெற்றோரின் ஓய்வு

இதை எல்லோரும் பிந்தியே யோசிக்கிறார்கள். ஓய்வு பெற்றதும் மிஷன் வீட்டை ஒப்படைக்க வேண்டும். தளபாடத்தில் பாதி சபையுடையது. பல ஊழியக் குடும்பங்களில் ஈ.பி.எஃப். இல்லை, காணி இல்லை. அப்பாவுக்கு 55 வயதாகும்போதே, ஒரு விடுமுறையில் அம்மாவும் இருக்கும் நேரம் பார்த்து நான்கு விஷயத்தைக் கேளுங்கள்: திருச்சபை ஓய்வூதியம் ஏதும் தருகிறதா, தந்தால் அதை எழுத்தில் கொடுத்திருக்கிறதா, பூர்வீகக் காணியில் பங்கு இருக்கிறதா, உறுதி யாரிடம், இருவரின் பெயரிலும் வங்கிக் கணக்கு இருக்கிறதா, அல்லது எல்லாம் சபைக் கணக்கிலா, எந்த ஊரில் இருக்க விரும்புகிறார்கள். முதல் தடவை "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்றுதான் பதில் வரும். கோபிக்காமல் அடுத்த விடுமுறையில் திரும்பக் கேளுங்கள். இம்முறை உறுதியின் பிரதியிலிருந்து தொடங்குங்கள்.